புதுப்பிப்பு: ஹை-லிஃப்ட் ஜாக்கியை எங்கே பொருத்தினேன்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கியை (சிக்கிய வண்டியைத் தூக்க, நீண்ட தண்டில் படிப்படியாக ஏறும் கைநெம்பு ஜாக்கி) எங்கே பொருத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பின்தொட்டியின் ரோல் பாருக்கு (கேபினுக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளைவு) குறுக்கே, படுக்கைவாட்டில் பொருத்திவிட்டேன். பலரும் பரிந்துரைத்த கூரைக் கேரியரை நான் ஏற்காததற்குக் காரணம், ஏறத்தாழ 13 கிலோ இரும்பை அவ்வளவு உயரத்தில் வைத்தால் சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடுவதோடு, சேற்றில் சாய்ந்து நிற்கும் வண்டியின்மேல் ஏறி அதை இறக்குவதும் ஆபத்து என்பதே. முன்பம்பரில் கைக்கு எட்டும்தான், ஆனால் சேறும் தண்ணீரும் நேராக வந்து அடிக்கும். கேபினுக்குள் கட்டாமல் வைப்பதோ, மோதலில் உயிருக்கே உலை வைக்கும்.

எங்கே பொருத்தினாலும் மணல்தான் இதன் முதல் எதிரி. தண்டின் துளைகளில் மாறிமாறி நுழைந்து ஏறும் இரண்டு பின்களும் அவற்றின் சிறு ஸ்பிரிங்குகளும் துளி மணல் புகுந்தாலே இறுகிவிடும் என்பதால், அந்தப் பகுதிக்கு உறை மாட்டியிருக்கிறேன். கிரீஸ் மணலைப் பிடித்துவைக்கும். மெல்லிய எண்ணெயே போதும். கைப்பிடி கடகடக்காமலிருக்க ரப்பர் பட்டையால் கட்டினேன். ஜாக்கியைப் பிடித்திருக்கும் தாங்கிகளுக்குச் சாதாரண நட்டுகள் குலுங்கிக் கழன்றுவிடும். உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாத நைலாக் நட்டுகளையே போடுங்கள்.