பிபி 106/62, காய்ச்சல் இல்லை: காலை மாத்திரைகளைக் கொடுக்கலாமா, டாக்டரை அழைக்கணுமா?

காலைப்பணி நர்ஸ் கேட்டது, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள்:

வயது 68, எடை 60 கிலோ, ஆண். நிமோனியா, சேர்ந்து இரண்டாம் நாள், செஃப்ட்ரியாக்ஸோன் (ஆன்டிபயாடிக்) ஊசி போய்க்கொண்டிருக்கிறது. பழைய ரத்தக்கொதிப்பு உண்டு. வழக்கமான பிபி 150/90 என்று சேர்க்கைக் குறிப்பில் இருக்கிறது. நுரையீரல் அடைப்பு நோய் கிடையாது.

காலை 8 மணிக்கு: வெப்பம் 37.4, பல்ஸ் 88, பிபி 106/62, மூச்சு 24, மூக்குக் குழாய் வழியாக 2 லிட்டர் ஆக்சிஜனில் எஸ்பிஓ2 (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) 95. கத்தீட்டர் பையில் கடந்த 6 மணி நேரத்தில் 110 மி.லி. ராத்திரி சம்பந்தமில்லாமல் பேசினார் என்று மனைவி சொல்கிறார். இப்போது கூப்பிட்டால் கண் திறந்து பெயரைச் சரியாகச் சொல்கிறார், பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார். 6 மணிக்குப் பாராசிட்டமால் 650 கொடுத்தாகிவிட்டது.

8 மணிக்கான பிபி மாத்திரைகள்: மெட்டோப்ரோலால் 50, அம்லோடிபின் 5, எனலாப்ரில் 5. ரவுண்ட்ஸ் 10:30க்கு. ஒவ்வொரு எண்ணையும் தனியாகப் பார்த்தால் பதறும்படி எதுவும் இல்லை. ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கலாமா?

மெடிக்கல் வார்டு:

காத்திருக்கக் கூடாது. நியூஸ்2 (நோயாளி மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் மதிப்பெண்) அட்டவணையில் போட்டுப் பாருங்கள். மூச்சு 24க்கு 2, எஸ்பிஓ2 95க்கு 1, ஆக்சிஜன் வைத்திருப்பதற்கு 2, சிஸ்டாலிக் (பிபியின் மேல் அளவு) 106க்கு 1. பல்ஸுக்கும் வெப்பத்துக்கும் 0. இதுவே 6; 5 வந்தாலே அவசரமாக டாக்டர் வந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் மதிப்பெண் போடாமல் விட்ட ஒன்று இருக்கிறது: நினைவு நிலை. கூப்பிட்டால்தான் கண் திறக்கிறார் என்றால் அவர் முழு விழிப்பில் இல்லை. அதற்கு 3. மொத்தம் 9. 7ஐத் தொட்டாலே உடனடி அழைப்பு, தொடர் கண்காணிப்பு.

பெயரைச் சொல்லிவிட்டார் என்பதற்காக 'நினைவு தெளிவு' என்று சார்ட்டில் எழுதிவிடுகிறோம். பெயர்தான் கடைசியில் மறக்கும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேளுங்கள், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். கத்திக் கலாட்டா செய்யும் குழப்பம் எல்லார் கண்ணிலும் படும். இவரைப் போலச் சத்தமில்லாமல் தூங்கி வழிகிற குழப்பம் 'நன்றாக ஓய்வெடுக்கிறார்' என்று போய்விடும். வீட்டார் 'நேற்று இப்படி இல்லை' என்று சொன்னால் அதையும் ஓர் அளவீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் என்றதும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

ராத்திரி டூட்டி:

மேலே சொன்னதோடு சேர்த்து ஒன்று. பல்ஸ் 88ம் வெப்பம் 37.4ம் இவர் விஷயத்தில் நம்பத் தக்கவை அல்ல. மெட்டோப்ரோலால் (பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு இதயம் அவ்வளவாக வேகமெடுக்க முடியாது. அந்த மாத்திரை இல்லாவிட்டால் இது 110ஆக இருந்திருக்கலாம். பாராசிட்டமால் கொடுத்து 2 மணி நேரம்தான் ஆகிறது, அதனால் காய்ச்சல் இல்லை என்று சொல்லவும் முடியாது. மருந்து மறைக்காத எண்கள் மூச்சும் சிறுநீரும்தான். இரண்டுமே கெட்டிருக்கின்றன.

சிறுநீர்க் கணக்கு: கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. வேண்டும். 60 கிலோவுக்கு மணிக்கு 30, ஆறு மணி நேரத்தில் 180. வந்தது 110, அதாவது மணிக்குச் சுமார் 18. டாக்டரிடம் சொல்வதற்கு முன் குழாய் மடங்கியிருக்கிறதா, காலுக்கடியில் மாட்டியிருக்கிறதா, பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உப்பி இருந்தால் அடைப்பு. இல்லையென்றால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நேற்றைய கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல் என்று நிம்மதி அடைய வேண்டாம், அது ஏறுவதற்கு ஒரு நாளுக்கு மேலேயும் ஆகும். சிறுநீர் முந்திச் சொல்லிவிடும்.

பிபியும் அப்படித்தான். 106 என்பது வேறொருவருக்கு நல்ல அளவு. இவருடைய சராசரி அழுத்தம் (கீழ் அளவோடு, மேல்-கீழ் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் வருவது) வழக்கமாக 110. இப்போது 106/62க்கு 77. வருடக்கணக்கில் உயர் அழுத்தத்துக்குப் பழகிய சிறுநீரகத்துக்கு இந்த இறக்கம் பெரிது. சிஸ்டாலிக் 44 குறைந்திருக்கிறது.

மூச்சை முழு 60 விநாடி எண்ணினீர்களா? 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே 4 வித்தியாசம் வரும். பல்ஸ் பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பாருங்கள்; எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். சார்ட் முழுக்க எல்லாருக்கும் 18, 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்றுதான் அர்த்தம்.

மருந்து அலமாரி:

மாத்திரைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றையும் இப்போது கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அழைக்கும்போதே கேளுங்கள். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

எனலாப்ரில்: ரத்தம் குறைவாகப் போகிற சிறுநீரகத்தில் வடிகட்டும் அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும், பொட்டாசியத்தையும் ஏற்றும். அநேகமாக நிறுத்தச் சொல்வார்கள்.

அம்லோடிபின்: உடம்பில் பாதியாகக் குறையவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கு விட்டாலும் நேற்றையது வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் 'மாத்திரை கொடுக்கவில்லை, பிபி தானாக ஏறிவிடும்' என்று எதிர்பார்க்காதீர்கள்.

மெட்டோப்ரோலாலில்தான் கவனம் வேண்டும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியும் துடிப்புக் கோளாறும் வரலாம். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பழைய குறிப்பில் பார்த்துச் சொல்லுங்கள். முடிவு டாக்டருடையது. 'கொடுக்கவில்லை' என்று மட்டும் எழுதாமல், நேரம், அப்போதைய பிபி, யாரிடம் சொன்னீர்கள், என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

காலைப்பணி:

சர்க்கரை 132. குழாய் மடங்கவில்லை, வயிறு உப்பவில்லை. மூச்சை மறுபடி முழு நிமிடம் எண்ணினேன், 26. போனில் எப்படிச் சொல்வது? 'பிபி கொஞ்சம் லோ' என்று ஆரம்பித்தால் 'ரவுண்ட்ஸில் பார்க்கிறேன்' என்ற பதில்தான் வரும்.

மெடிக்கல் வார்டு:

26 என்றால் மூச்சுக்கு மட்டுமே 3 ஆகிவிட்டது, மொத்தம் 10. முதல் வாக்கியத்திலேயே கவலையை, அதாவது செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) என்ற சந்தேகத்தை, சொல்லிவிடுங்கள்: "நிமோனியா நோயாளிக்கு செப்சிஸ் என்று சந்தேகப்படுகிறேன், நியூஸ்2 பத்து, நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." அதன் பிறகு எண்கள்: மூச்சு காலையில் 24, இப்போது 26, பிபி 106/62, வழக்கம் 150/90, சிறுநீர் மணிக்கு 18 மி.லி., குழாயில் கோளாறு இல்லை; புதிதாகக் குழப்பம், சர்க்கரை 132; பீட்டா பிளாக்கரும் பாராசிட்டமாலும் உள்ளே இருக்கின்றன. ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும்போதே மோசமாகிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை மாற்றும் முடிவு அதை வைத்துத்தான். கடைசியில் லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதுகிறதா என்று காட்டும் பரிசோதனை), பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது), ஐவி திரவம், மாத்திரைகள் நான்கையும் நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். எத்தனை நிமிடத்தில் வருவார் என்றும் கேட்டுவிடுங்கள். வர முடியாது என்றால் தயங்காமல் அவருக்கு மேலே உள்ளவரை அழையுங்கள்.

ராத்திரி டூட்டி:

அவர் வருவதற்குள்: தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், இன்னொரு கையிலும் ஐவி லைன் போட்டுவையுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் எஸ்பிஓ2 தவறாகக் காட்டும். கையைச் சூடாக்கி, கருவித் திரையில் அலை சீராக வருகிறதா பாருங்கள். 95 வருவதும் 2 லிட்டர் துணையோடுதான். திரவம் ஓடத் தொடங்கியதும் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள்: புதிதாக இருபுறமும் நெறுநெறுப்புச் சத்தம் (நுரையீரலில் நீர் சேர்வதன் அறிகுறி), மூச்சு இன்னும் வேகம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்லித் திரவத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். 68 வயது, பழைய ரத்தக்கொதிப்பு, இதயம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. சிறுநீரை ஒவ்வொரு மணிக்கும் அளவுக் குடுவையில் ஊற்றி அளங்கள், பையின் கோட்டைப் பார்த்து எழுதாதீர்கள். அந்தக் கோடுகள் துல்லியமானவை அல்ல.