வெளியே ஒன்றுமில்லை, உள்ளே 97 இணைப்பு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கல்லடி வாசி:
சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலை. பெரும்போக அறுவடை நேரம், வாசலில் நெல் லொறிகள் நிற்கின்றன. பில் போடுகிற காக்கா ஃபோன் எடுத்து, "தம்பி, சேமிக்கப் போனா சுத்திக்கொண்டே நிக்குது" என்றார். நான் வீட்டிலிருந்தபடி சேர்வருக்குள் போய், நெட்வேர்க் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். டேட்டாபேஸின் போர்ட்டான 5432இல் ஓர் இணைப்புக்கூட இல்லை. சரி, ஆலையிலிருந்து எதுவுமே வந்து சேரவில்லை என்று முடிவுகட்டி, "காக்கா, சேர்வர் சும்மா கிடக்கு. உங்கட லைன்தான் பிழை" என்று சொல்லிவிட்டேன். பாவம், அன்றைக்கே கல்முனைக்குப் போய்ப் புது ரவுட்டர் வாங்கிவந்தார். ஒன்றும் மாறவில்லை.

இரவுதான் மண்டையில் உறைத்தது. அப்பும் டேட்டாபேஸும் இரண்டு டொக்கர் கொன்டெய்னர்கள், அதாவது ஒரே மெஷினில் தனித்தனிப் பெட்டிபோல ஓடுபவை. இரண்டுக்கும் தனித்தனி நெட்வேர்க் நேம்ஸ்பேஸ், அதாவது தனக்கென்று ஒரு நெட்வேர்க் உலகம். வெளியே நின்று எஸ்எஸ் அடித்தால் அது வெளியே இருப்பதை மட்டும்தான் காட்டும். டொக்கர் இன்ஸ்பெக்டில் டேட்டாபேஸ் கொன்டெய்னரின் பிராசஸ் எண்ணை எடுத்து, என்எஸ்என்டர் என்ற கட்டளையால் அந்த எண்ணின் நெட்வேர்க்குக்குள் மட்டும் நுழைந்து, அதே எஸ்எஸ்ஸை அடித்தேன். திரை நிரம்பி ஓடியது. எண்ணிப் பார்த்தால் 97. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புத்தான் தரும், அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது. அப் திறந்த இணைப்பை மூடாமல் ஒவ்வொன்றாகத் தின்று முடித்திருக்கிறது. அந்த 97ஐவிட, லொறிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் அவரைப் பிழைகாரர் ஆக்கியதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒலுவில் மாணவன்:
அண்ணன், நான் இதைவிட மோசமாகச் செய்தேன். இறுதியாண்டு புரொஜெக்ட் தொங்கியது. கொன்டெய்னருக்குள் எக்ஸெக் செய்து, எஸ்எஸ் போலவே இணைப்பைக் காட்டும் நெட்ஸ்டாட்டை அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கொன்டெய்னரை உருவாக்கிய இமேஜ் சின்னது, உள்ளே ஒன்றுமில்லை. பதற்றத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து வைவாவில் "ஏன் தொங்கியது?" என்று கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. காரணத்தை என் கையாலேயே அழித்திருந்தேன். என்எஸ்என்டர் வெளியிலிருக்கும் எஸ்எஸ்ஸையே உள்ளே கொண்டுபோய் ஓட்டும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால்!

வாவிக்கரை:
கல்லடி தம்பி, இதற்கு என்எஸ்என்டர் எதற்கு? வெளியே நின்றபடி, கேர்னல் கண்காணிக்கும் இணைப்புகளின் பட்டியலான கொன்ட்ராக்கைப் பார்த்தாலே போதும். என் கதை இதுதான்: அறுகம்பேயில் ஒரு விடுதிக்குப் பதிவு செய்யும் அப். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலில் 5432ஐ அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் தற்செயலாகக் கொன்ட்ராக் அடித்தால், நான் அறியாத முகவரிகள் வரிசையாக டேட்டாபேஸ் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. கை நடுங்கிவிட்டது.

எல்லோரும் கவனியுங்கள். டொக்கரில் போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால், அதாவது மெஷினின் போர்ட்டோடு இணைத்தால், லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் அது தானே விதி எழுதிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் சேருமிடம் முதலிலேயே கொன்டெய்னர் முகவரிக்கு மாறிவிடும். அப்புறம் அது, மெஷினைக் கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான ஃபோர்வேர்ட் வழியாகப் போகிறது. யூஎஃப்டபிள்யூவில் நாம் அடைக்கும் விதி, மெஷினுக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் வழியில் நிற்கிறது, பாக்கெட் அந்தப் பக்கமே வருவதில்லை. ஆகவே போர்ட்டுக்கு முன்னால், அந்த மெஷினையே குறிக்கும் 127.0.0.1 போட்டுப் பப்ளிஷ் செய்யுங்கள். அப் மட்டும் பேசுகிற டேட்டாபேஸ் என்றால் பப்ளிஷே செய்யாதீர்கள், டொக்கரில் நாமே உருவாக்கிய ஒரே நெட்வேர்க்கில் இரண்டையும் போட்டால் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். வெளியே திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஐபிடேபிள்ஸில் நம் விதிகளுக்கென்று டொக்கர் விட்டிருக்கும் டொக்கர்-யூசர் சங்கிலியில் விதி எழுதுங்கள். நெட்வேர்க் மோடை ஹோஸ்ட் என்று வைத்தால் கொன்டெய்னர் மெஷினின் நெட்வேர்க்கையே பாவிக்கும், சாதாரண எஸ்எஸ்ஸிலேயே எல்லாம் தெரியும், ஆனால் அதற்காக அப்படி வைக்காதீர்கள், பிரிப்பு போய்விடும்.

ஏறாவூர் தங்கச்சி:
வாவிக்கரை அண்ணன், உங்கள் விடுதிக்குக் கொன்ட்ராக் சரி, அங்கே வெளியாள் வந்தான். கல்லடி அண்ணனின் பிரச்சினை ஒரே பிரிட்ஜில், அதாவது டொக்கரின் உள் நெட்வேர்க்கில், இருக்கும் இரண்டு கொன்டெய்னருக்கு இடையில். பிரிட்ஜுக்குள் போகும் பாக்கெட்டுகளையும் ஐபிடேபிள்ஸுக்குக் காட்டும் பிஆர் நெட்ஃபில்டர் மொடியூல் கேர்னலில் ஏறியிருந்தால்தான் அது கொன்ட்ராக்கில் தெரியும். ஏறாத மெஷினில் வெறுமையாகத்தான் வரும், இவர் திரும்பவும் "சேர்வர் சும்மா கிடக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். அப்படியே தெரிந்தாலும் எந்த பிராசஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று கொன்ட்ராக் சொல்லாது.

எனக்கு நடந்தது மார்கழி மழையில். ஒரு மருந்துக்கடை, லைன் விழுந்துவிட்டது, இன்டர்நெட் இல்லை. மெஷினில் எஸ்எஸ்ஸும் இல்லை, நெட்ஸ்டாட்டும் இல்லை, இறக்கவும் வழியில்லை. டேட்டாபேஸ் பக்கத்து அறை மெஷினில், அதைக் கொஞ்சம் முன்னர்தான் ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். கொன்டெய்னரில் இருக்கும் அப் அசையவில்லை. அப்புறம் நினைவு வந்தது: பிராசஸ் விவரங்களைக் கேர்னல் காட்டும் புரொக் கோப்புறையில் அந்த பிராசஸ் எண்ணுக்குள்ளே நெட், அதற்குள்ளே டிசிபி. கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை அடித்தால் அந்த கொன்டெய்னரின் இணைப்புகளே வருகின்றன. எல்லாம் பதினாறடிமான எண்கள், முகவரி பின்னாலிருந்து முன்னால். டோர்ச் வெளிச்சத்தில் கொப்பியில் எழுதி எழுதிக் கணக்குப் பார்த்தேன். 1538 என்றால் 5432. அந்த வரி ஒவ்வொன்றிலும் நிலை 08, அதாவது குளோஸ் வெயிட். டேட்டாபேஸ் மூடிவிட்டுப் போய்விட்டது, எங்கள் அப் தன் பக்கத்தை மூடாமல் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மழைச் சத்தத்துக்கு மேலால் "கண்டுபிடிச்சிட்டன்" என்று கத்தினேன்.

ஒலுவில் மாணவன்:
அக்கா, நெட்வேர்க் நேம்ஸ்பேஸ்களைப் பட்டியலிடும் ஐபி நெட்என்எஸ் லிஸ்ட் அடித்தால் எனக்கு ஒன்றும் வருவதில்லையே, ஏன்?

ஏறாவூர் தங்கச்சி:
அது வார்-ரன்-நெட்என்எஸ் கோப்புறையை மட்டும்தான் பார்க்கும். டொக்கர் தன்னுடையதை வேறு இடத்தில் வைக்கிறது. எல்லா நேம்ஸ்பேஸையும் காட்டும் எல்எஸ்என்எஸ் கட்டளையில் நெட் வகையைக் கேளுங்கள், பிராசஸ் எண்ணோடு வரும். கல்லடி அண்ணன், அந்தக் காக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?

கல்லடி வாசி:
சொன்னேன் தங்கச்சி. போன கிழமை நேரே போய், பிழை என்னுடையது, உங்கள் லைன் நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்: "அண்டைக்குத் திரும்பிப் போன லொறிக்காரனுக்கு ஆர் சொல்ற?" என்னிடம் பதில் இல்லை. ரவுட்டர் காசை என் அடுத்த பில்லில் கழித்துவிட்டேன்.