புது வில்லுக்கத்தி வாங்கமுன்னம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

குளக்கட்டடி (முள்ளியவளை):
விரலில தையல் பிரிச்சாச்சு, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்குது. கடையில கண்டு ஆசைப்பட்டு எடுத்த மடக்குக்கத்தி. கறுப்பு அலகு, பாதி வாள்பல்லு, காற்சட்டைப் பையில கொழுவக் கிளிப். அலகை விரிச்சால் உள்ளுக்க ஒரு மெல்லிய தகடு வந்து முட்டுக்குடுக்கும், அதுதான் பூட்டு. மிளகாய்த் தோட்டத்துக் குழாயில ஓட்டை போடுவம் எண்டு நுனியைக் குத்தித் திருகினன். டிக். தகடு விலகி அலகு மடங்கினது என்ர சுட்டுவிரலுக்கு மேல. நோ பிறகுதான் தெரிஞ்சது. முதல் கண்டது, குழாய்த் தண்ணி சிவப்பா ஓடினதை. இனி எதை வாங்க? வேலை கயிறு, உரப்பை, மாங்காய். அவ்வளவுதான்.

பாலையடி (ஒட்டுசுட்டான்):
பூட்டு மட்டும் நல்லா இருந்தால் காணாது அண்ணை. பாரிசில இருந்து மச்சான் ஒப்பினெல் 8ஆம் நம்பர் எண்ட பிரெஞ்சு வில்லுக்கத்தி கொண்டந்தவர். மரப்பிடி, அலகைப் பூட்டக் கழுத்தில திருகிற வளையம். கோடை முழுக்கத் தங்கம். கார்த்திகை மழையில மூண்டு நாள் என்ர மடியிலயே நனைஞ்சு கிடந்தது. நாலாம் நாள் விடிய, பட்டியில மாட்டுக்கண்டுக்கு நைலோன் கயிறு கழுத்தில இறுகிக் கிடக்குது. பிடி ஊதி அலகைக் கவ்விப்போட்டுது. நகம் பிஞ்சதுதான் மிச்சம். கண்டின்ர கண் மேல செருகினது இப்பவும் நித்திரையில வரும். கடைசியில பெடியன் காட்டுக்கத்தியோட ஓடியந்தான்.

பழையபாதை (மாங்குளம்):
தம்பி பாலையடி, பிழை கத்தியில இல்லை. வளையத்தைத் திருப்பினீரோ? 2000க்குப் பிறகு வந்த ஒப்பினெல்லில வளையம் மடிச்ச அலகையும் பூட்டும். திருப்பிப்போட்டு பிடியின்ர அடிப்பக்கத்தைக் கல்லில ஒரு தட்டுத் தட்டினால் அலகு வெளிய எட்டிப்பார்க்கும், அதைப் பிடிச்சு இழுக்கலாம். அந்தக் கத்தி பிறந்த பிரான்சின்ர சவோய்ப் பக்கத்து ஆக்கள் அப்பிடித்தான் திறக்கிறவையாம். 1890இல ஜோசப் ஒப்பினெல் செய்யேக்க அந்த வளையமே இல்லை, 1955இலதான் வந்தது. மாரிக்கு முன்னம் பிடியை நல்லாக் காயவிட்டு ஆளிவிதை எண்ணெய் ரெண்டு மூண்டு தரம் பூசும். மூட்டுக்குள்ள மெழுகுதிரியைச் சுரண்டி விடும். காபன் அலகெண்டால் தேசிக்காய் வெட்டின கையோட துடையும். சாம்பல் நிறம் வந்தால் பயப்பிடாதையும், அது துருவில்லை, செம்மஞ்சள்தான் துரு. எங்கட வேர்வைக்கு இனொக்ஸ் எண்டு அடிச்ச, லேசில துருப்பிடிக்காத அலகுதான் சரி. குளக்கட்டடி, நீரும் கேளும், மடிக்கிற கத்தியால குத்தித் திருகக்கூடாது, எந்தப் பூட்டெண்டாலும்.

என்ர கதை சின்னன். 2002இல, சண்டையால மூடிக்கிடந்த யாழ்ப்பாண ஏ9 பாதை திறந்த புதுசு. ஒரு சோதனைச் சாவடியில அப்புவின்ர பாக்குவெட்டிற பேனாக்கத்தியை எடுத்து ஒரு பெட்டிக்குள்ள போட்டாங்கள். பெட்டி நிறையக் கத்தி, கத்தரிக்கோல், நகவெட்டி. அப்பு பெட்டியைப் பார்க்கேல்லை, தன்ர வெறும் மடியைத்தான் தடவிக்கொண்டு நிண்டவர்.

வட்டுவாகல்காரி:
பழையபாதை ஐயா, கண்டு சாகக்கிடக்கேக்க கல்லுத் தேடுறதோ?

நான் வவுனியா பஸ்ஸில மகளுக்குத் தோடம்பழம் உரிக்க ஒரு கத்தியை விரிச்சனான். தம்பியின்ர கத்தி, குளக்கட்டடி சொன்ன மாதிரியே கறுப்பு, 'சடக்' எண்டு திறக்கும். முன் சீற்றில கதைச்சுக்கொண்டிருந்த ரெண்டு பேரும் கதையை நிப்பாட்டிப்போட்டினம். பக்கத்திலிருந்த அம்மா பையை நெஞ்சோட அணைச்சா. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பழத்தைக் கையால பிச்சுக் குடுத்தன்.

பிறகு சுவிஸ் மாமி தந்த சிவப்பு விக்டோறினொக்ஸ் கத்திதான், 91 மில்லிமீற்றர். பூட்டில்லை, முதுகில இருக்கிற வில்லுத்தான் அலகைப் பிடிக்கிறது. அதால தானே வில்லுக்கத்தி எண்டுறம்? அதைக் கண்டு ஒரு சனமும் பயப்பிடாது. கத்தரிக்கோலும் இருக்கு.

குளக்கட்டடி (முள்ளியவளை):
பூட்டில்லாததையோ! தையல் போட்ட விரல் எனக்குத்தான் தங்கச்சி. வளையக் கத்திதான், இனொக்ஸ். பாலையடி, மச்சான் எப்ப வாறார்? அதுசரி, கண்டு பிழைச்சதோ?

பாலையடி (ஒட்டுசுட்டான்):
தைப்பொங்கலுக்கு வாறார். கண்டு பிழைச்சிட்டுது, அந்தக் கயித்துத் துண்டைத்தான் சப்பிக்கொண்டு நிக்குது.