‘தேர் வில் பி பிளட்’: உங்கள் பக்கத்து இருக்கையில் என்ன நடந்தது?

பின்வரிசை எழுதியது:

பால் தாமஸ் ஆண்டர்சன் 2007இல் எடுத்த இந்தப் படத்தைப் பற்றி விமர்சனங்கள் போதுமான அளவுக்கு வந்துவிட்டன. 1898இல் தன்னந்தனியாக வெள்ளி தோண்டிய டேனியல் பிளெயின்வியூ, கலிபோர்னியாவில் எண்ணெய் எடுத்துப் பெரும் பணக்காரனாகி, 1927இல் ஒரு மாளிகைக்குள் குடித்துக் கிடக்கிறான். 158 நிமிடங்கள். நான் கேட்க விரும்புவது பார்த்தவர்களைப் பற்றி. யாரோடு பார்த்தீர்கள், அவர்கள் எங்கே நெளிந்தார்கள், எங்கே மூச்சைப் பிடித்தார்கள் என்று எழுதுங்கள்.

நான் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் பார்த்தேன். தொடக்கத்தில் கால் மணி நேரத்துக்கு உரையாடலே கிடையாது. குழிக்குள் ஒருவன் பாறையை உடைத்துக்கொண்டே இருக்கிறான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் பொறுமையிழந்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்ற சந்தேகத்தோடு புரொஜெக்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏணிப்படி முறிந்து அவன் உள்ளே விழுந்தவுடன் முணுமுணுப்பு அடங்கியது. கால் முறிந்து கிடப்பவன் கையில் அகப்பட்ட கல்லில் வெள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறான். பிறகு மல்லாந்தபடியே உடம்பை இழுத்துக்கொண்டு வெட்டவெளியைக் கடக்கிறான். முன்வரிசையில் யாரோ “அடேயப்பா!” என்றார்கள். அந்தக் குரலில் இருந்தது மெச்சுதல்.

இந்தப் படத்தின் மெதுவான நடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அந்த “அடேயப்பா”வைத்தான் பதிலாகச் சொல்வேன். விரைவாக எடுத்திருந்தால் இவன் பேராசைக்காரன் என்று தொடக்கத்திலேயே முத்திரை குத்திவிட்டு நாம் பத்திரமாக ஒதுங்கியிருப்போம். அவனுடைய உழைப்பை மதிக்க நமக்கு நேரம் கொடுக்கிறார் இயக்குநர். பின்னால் அவன் செய்வதையெல்லாம், அந்த மதிப்பை உடனே உதறிவிட முடியாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

உளிச்சத்தம் எழுதியது:

நான் அப்பாவோடு பார்த்தேன். அவர் எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் பணி செய்து ஓய்வு பெற்றவர். சினிமாவில் பெரிய ஆர்வம் கிடையாது. எல்லோரும் சலிப்பு என்று சொல்லும் பகுதிகளில்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கம்பியில் தொங்கும் கனமான இரும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையைத் துளைப்பதைக் காட்டி, எங்களுக்கு முந்திய தலைமுறையின் வேலைமுறை இது என்றார். குழிக்குள் நிற்பவன் தலையில் இரும்பு விழப்போகிறது என்பதை அது விழுவதற்கு முன்பே சொன்னார்.

கிணறு பீறிட்டு எழும் காட்சியில் நாங்கள் வியந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அது வியப்பாக இல்லை. “இது விபத்து. அடியில் இருக்கிற வாயுவின் அழுத்தத்தை அடக்க முடியவில்லை” என்றார். அப்படி வெடிப்பதைத் தடுக்கும் வால்வு அமைப்பே 1922இல்தான் உருவாக்கப்பட்டது. கதையின் அந்தப் பகுதி நடப்பது 1911இல். கிணற்றில் பற்றிக்கொண்ட தீயை டைனமைட் வைத்து அணைப்பதும் உண்மையான முறைதான் என்றார். (கிணற்றின் மேல் நின்று எரியும் கோபுரத்தை டெக்ஸஸில் மார்ஃபா என்ற ஊருக்கு அருகே உண்மையாகவே கொளுத்தினார்கள். அக்கம்பக்கத்தில் வேறொரு படம் எடுத்துக்கொண்டிருந்த கோயன் சகோதரர்கள் புகையால் அன்றைய படப்பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று.)

வெடிப்பில், பிளெயின்வியூ தன் மகனாக வளர்க்கும் சிறுவன் எச். டபிள்யூ.வுக்குக் காது கேட்காமல் போகிறது. பிளெயின்வியூ அவனைத் தூக்கிவந்து படுக்க வைக்கிறான். பிள்ளை விடாமல் பற்றிக்கொள்கிறான். அந்தக் கையை விலக்கிவிட்டுத் தீயைப் பார்க்க ஓடுகிறான் பிளெயின்வியூ. அம்மா “பாவி” என்றார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. படம் முடிந்த பிறகு, “எண்ணெய் தட்டுப்படுகிற இரவில் எங்களில் யாருக்கும் வீட்டு நினைப்பு வந்ததில்லை” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா பதில் சொல்லவில்லை.

நடுவில் எழுந்தவர் எழுதியது:

பின்வரிசை நண்பரே, நீங்கள் சொல்வதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நானும் என் தோழியும் இடையிலேயே வெளியே வந்தோம். பிறகு மீதியையும் பார்த்துவிட்டேன், என் கருத்து மாறவில்லை. பெரிய ஆசை கொண்டவன் மனிதர்களை வெறுப்பான் என்று ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வெறுப்பு கூடிக்கொண்டு போகிறதே தவிர வேறெதுவும் திறப்பதில்லை. ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் ஆண்கள் மட்டுமே. மேரி என்ற சிறுமி ஒருத்தி வருகிறாள்; அவளை அவள் தந்தை அடிக்கிறார் என்று தெரியவருகிறது; அவள் பார்வையில் இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிளெயின்வியூவாக வரும் டேனியல் டே லூயிஸ் நடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குத் தகும். ஆனால் நடிப்பின் பிரம்மாண்டத்தைப் படத்தின் ஆழமாகக் கருதிவிடுகிறோமோ என்பது என் கேள்வி. எங்களோடு அன்றைக்கு எழுந்துவந்தவர்கள் பொறுமையற்றவர்கள் அல்லர். மெதுவாக நகரும் படங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள்.

உதட்டசைவு எழுதியது:

எனக்குச் சிறுவயதிலிருந்தே காது கேட்பதில்லை. வசன வரிகளோடுதான் எந்தப் படத்தையும் பார்ப்பேன். உடன் இருப்பவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பதும், திரையை விட்டுக் கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே இருப்பதும் எனக்குப் பழகியவை. இந்தப் படத்தின் தொடக்கத்தில் படிக்க எதுவுமே இல்லை. என் அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பார்த்தோம். அவனுக்குச் சலிப்பாக இருந்ததாம். எனக்கு அது பெரிய சுதந்திரம். ஜானி கிரீன்வுட்டின் இசை அந்த இடத்தில் வயிற்றைப் பிசைகிறது என்று அண்ணன் எழுதிக் காட்டினான். அது இல்லாமலே எனக்குப் பிசைந்தது.

எச். டபிள்யூ. கேட்கும் திறனை இழந்த பிறகு வரும் காட்சிகளை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவனை ரயிலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு இறங்கிவிடுகிறான் பிளெயின்வியூ. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வளர்ந்த எச். டபிள்யூ.வாக நடித்த ரஸ்ஸல் ஹார்வர்டு உண்மையிலேயே காது கேளாதவர். 1927இல் அவன் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, தனியே மெக்சிகோவில் தொழில் தொடங்கப் போவதாகச் சைகையில் சொல்கிறான். இனி நீ என் போட்டியாளன் என்கிறான் வளர்த்தவன். வாயால் பேசச் சொல்லி வற்புறுத்துகிறான், சைகையைக் கேலி செய்கிறான், கடைசியில் நீ என் பிள்ளையே இல்லை என்கிறான். கொலையில் முடிகிற காட்சியைக் காட்டிலும் இதுதான் எனக்குக் கொடூரமானது. என் போன்றவர்கள் இந்தக் காட்சியை எப்படிப் பார்த்தார்கள் என்று யாராவது எழுதினால் நன்றி.

நடுவில் எழுந்தவர் அவர்களே, எதுவும் திறப்பதில்லை என்கிறீர்கள். அந்த மகன் எழுந்து வெளியே போகிறான், பாருங்கள். எனக்கு அங்கே ஒரு கதவு திறந்தது.

வெள்ளைச்சுவர் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். மிகுந்த இறைப்பற்றுள்ள என் பெரியம்மாவோடு பார்த்தேன். குழாய் போடுவதற்கு ஒருவருடைய நிலம் வேண்டும் என்பதற்காகத் தேவாலயத்தில் மண்டியிட்டு, பிள்ளையைக் கைவிட்டேன் என்று பிளெயின்வியூ கத்த வேண்டிவருகிற காட்சி. ஈலை என்ற போதகன் அவனைக் கன்னத்தில் அறைகிறான். பெரியம்மா மனம் புண்படுவார் என்று பயந்தேன். அவரோ, “அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் பொய்யாகச் சொல்லவில்லை” என்றார். பேரத்துக்காக வந்தவன் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். போதகனுக்கு இருக்கும் பேராசையைப் பற்றி அவருக்குக் கடுமையான கோபம். எண்ணெய்க்காரனைவிட இவனுக்குத்தான் கூடுதல் தண்டனை வேண்டும் என்றார்.

பின்வரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இறுதிக் காட்சியைப் பற்றி யாரும் எழுதவில்லையே? எங்கள் திரையிடலில், பக்கத்து நிலத்து எண்ணெயை உறிஞ்சிவிட்டதை மில்க்‌ஷேக், உறிஞ்சுகுழல் என்று அவன் விளக்கியபோது பாதி அரங்கம் சிரித்தது. மற்றப் பாதி அவர்களைத் திரும்பிப் பார்த்தது. சிரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் காட்சி அவ்வளவு கட்டவிழ்ந்து போகிறது. உளிச்சத்தம், உங்கள் அப்பா சிரித்தாரா?

உளிச்சத்தம் எழுதியது:

இல்லை. அது அப்படியே நடப்பதுதான் என்றார். பாறையின் நுண்துளைகள் வழியாக, அழுத்தம் குறைந்த பக்கம் நோக்கி எண்ணெய் நகரும். என் நிலத்தில் கிணறு போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் உங்கள் நிலத்தடி எண்ணெயும் என் கிணற்றுக்கு வந்து சேரும். எடுத்தவனுக்கே சொந்தம் என்பதுதான் அமெரிக்காவில் அன்றைய சட்டம். அதனால்தான் பழைய புகைப்படங்களில் கோபுரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அண்டைக்காரன் எடுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். அந்த அவசரத்தை இவ்வளவு மெதுவாக எடுத்திருக்கிறார்களே என்று அப்பா வியந்தார். அவரை மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை அம்மாவும் முதலிலிருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.