சிறுவர் மாயக்கதையில் அம்மா அப்பாவை எங்கே அனுப்புவது?

களுவாஞ்சிகுடிச் சித்திரக்காரி:

8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை எழுதி, படமும் நானே வரைந்துகொண்டிருக்கிறேன். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவது ஒரு பூரணை இரவில் நின்றுபோகிறது. பூமணி, தம்பி கதிர், கடைக்குட்டி சின்னக்கிளி மூவரும் தொலைந்த பாட்டைத் தேடித் தோணியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் புறப்படுகிறார்கள். கொக்கட்டிச்சோலையில் புல் தின்ற கல் நந்தி வழி சொல்கிறது. பகிடி விடுகிற முதலை ஒன்றும் உண்டு. படங்கள் பாதிக்குமேல் முடிந்துவிட்டன. கதைதான் முதல் பக்கத்திலேயே முரண்டு பிடிக்கிறது.

பிள்ளைகள் தனியாகப் போக வேண்டுமென்றால் பெரியவர்கள் குறுக்கே நிற்கக் கூடாது. இந்த வகைக் கதைகளில் பெற்றோரைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதற்குக் கை வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கல்லடியிலும் நாவலடியிலும் நடந்ததை இன்றைய பிள்ளைகள் பார்க்கவில்லை. ஆனால் மடியில் வைத்து வாசித்துக் காட்டப்போகிற பலர் அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள். தாயை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பவும் மனமில்லை. அதுவும் இங்கே பல வீடுகளில் ஆறாத புண். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

படுவான்கரையான்:

டீச்சர், இதற்கா யோசனை? பெரும்போக வெட்டுக் காலத்தில் கதையை வையுங்கள். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூரில் இறங்கி வயலுக்குப் போன தகப்பன், யானைக் காவலுக்கு வயல் வாடியில் (குடிலில்) தங்கிவிடுவார். தாய் சமைத்துப்போடக் கூடவே போயிருப்பார். பிள்ளைகள் அம்மம்மாவோடு. அம்மம்மா எட்டு மணிக்கே உறங்கிவிடுவார்.

களுவாஞ்சிகுடிச் சித்திரக்காரி:

நல்ல யோசனை தம்பி, ஆனால் என் பிள்ளைகளும் படுவான்கரைக்குத்தானே போகிறார்கள்! நந்தியிடம் வழி கேட்கிற நேரத்தில் அப்பா உழவு இயந்திரத்தில் வந்து காதைப் பிடித்து இழுத்துப்போவார்.

நீலக்கொக்கு:

இவ்வளவு பொத்திப் பொத்தி எழுத வேண்டுமா? பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள். தாயில்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கேயே பாடசாலைக்குப் போகிறார்கள். புத்தகத்தைத் திறந்தால் அதிலும் எல்லாருக்கும் அம்மா இருக்கிறாள். அவர்களுக்கும் ஒரு பூமணி வேண்டாமா?

களுவாஞ்சிகுடிச் சித்திரக்காரி:

வேண்டும். அதை எழுதுகிறவர் அந்தத் துக்கத்துக்குப் புத்தகம் முழுவதையும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியேற்றுவதற்காக மட்டும் ஒரு தாயை நான் கொல்ல மாட்டேன்.

அக்கரைப்பற்று ராத்தா:

நான் வாசகி மட்டும்தான், எழுதத் தெரியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: பெரியவர்களை ஏன் குறைக்கிறீர்கள்? கூட்டுங்கள்!

நம் பகுதியில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தானே? கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். அதனால் ஒரே வளவில், ஒரே ஒழுங்கையில் உம்மா, பெரியம்மா, சாச்சி (சின்னம்மா) எல்லாரும் அடுத்தடுத்து இருப்பார்கள். எங்கள் வீட்டில் சின்ன வயதில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளையைக் காணவில்லையென்றால் உம்மா தேட மாட்டார். பெரியம்மா வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்பார். பெரியம்மா, சாச்சி வீட்டில் படுத்திருப்பான் என்பார். சாச்சியோ, தாய் கூட்டிக்கொண்டு போயிருப்பாள் என்று கதவைச் சாத்திவிடுவார். இப்படி ஒரு இரவு முழுக்க ஒருவருக்கும் தெரியாமல் தப்பலாம். உங்கள் மூவருக்கும் அந்த ஓரிரவு போதாதா? யாரும் சாகவில்லை, யாரும் கவனக்குறைவானவர்களும் இல்லை. பாசம் கூடியதால்தான் பிள்ளைகள் தப்பினார்கள்.

இதை எழுதவே வேண்டாம், வரைந்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்குமாக மேலிருந்து பார்த்த வளவு, மூன்று வீடு, மூன்று விளக்கு. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அடுத்த வீட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். வேலி மூலையில் மூன்று பிள்ளைகளும் துடுப்போடு நழுவுகிறார்கள். சொல்லில் இல்லாததைப் படத்தில் கண்டுபிடிக்கிற பிள்ளை அந்தப் பக்கத்தைத் திருப்ப விடாது.

அச்சகத்தான்:

ராத்தா சொன்ன படம் அருமை. ஒரு எச்சரிக்கை: இரண்டு பக்கப் படத்தில் நடுமடிப்பு கொஞ்சம் விழுங்கும். நடு வீட்டை மடிப்பின்மேல் வைக்காதீர்கள், சாச்சியின் முகம் போய்விடும். 32 பக்கம் என்றால் 16 பக்கத் தாள் இரண்டு. நடுவில் கம்பி அடித்துக் கட்டினால் 16, 17ஆம் பக்கங்கள் மட்டும் ஒரே தாளில் முழுதாக வரும். வாவியின் பெரிய படத்தை அங்கே வையுங்கள். கணினித் திரையில் மினுங்கும் நீலம் நான்கு மையில் வராது, மங்கிவிடும். மாதிரி அடித்துப் பார்க்காமல் இரவுக் காட்சிகளை முடித்துவிடாதீர்கள்.

களுவாஞ்சிகுடிச் சித்திரக்காரி:

ராத்தா, எழுதத் தெரியாது என்று இனிச் சொல்லாதீர்கள். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், வளவைக் கீறத் தொடங்கிவிட்டேன். 16, 17இல் கல்லடிப் பாலத்தடிக் காட்சி வரும்: துடுப்பின் ஒரு நுனி நீரில், மறு நுனியில் சின்னக்கிளியின் காது. அச்சகத் தம்பி, இரவு நீலத்துக்குக் கறுப்பு மையை எவ்வளவு கலக்கலாம்? அதிகம் போட்டால் தோணியே தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.