தமிழாக்கமா, பிழையறிக்கையா: டெபியனுக்கு நாம் எதைக் கொடுப்பது?

சாட்ஸ்வொர்த்காரன்:
சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் எட்டுப் பழைய லேப்டாப்களில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறோம். பெரிய பிள்ளைகளை வைத்து மெனுக்களைத் தமிழாக்கி அனுப்பலாம் என்கிறார் டீச்சரக்கா. எனக்கு உடன்பாடில்லை. 1860-ல் டர்பனில் கப்பல் இறங்கியவர்களின் வாரிசுகள் நாம். வீட்டில் ஆங்கிலம்தான். பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். அவர்கள் மொழிபெயர்த்தால் யார் திருத்துவது? மென்பொருளில் கோளாறு கண்டால் இதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் தெளிவான பிழையறிக்கை எழுதுவார்கள். கைக்கு எட்டுகிற வேலையைக் கொடுப்போம்.

ஃபீனிக்ஸ் டீச்சர்:
தம்பி, பூட்டில் என்ற மொழிபெயர்ப்புக் கருவி பிறந்ததே நம் தென்னாப்பிரிக்காவில்தான். ஜூலு, சோசா மொழிகளில் மென்பொருள் வர வேண்டும் என்று உழைத்தவர்கள் செய்தது. அவர்களும் "எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே" என்று விட்டிருந்தால்?

சாட்ஸ்வொர்த்காரன்:
ஜூலு லட்சக்கணக்கான வீடுகளில் பேசும் மொழி அக்கா. நம் நிலை அப்படியா? இன்னொன்று, தமிழாக்கம் ஒரு தடவை செய்துவிட்டுப் போகிற வேலை இல்லை. மூல வாக்கியம் கொஞ்சம் மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பில் "ஃபஸ்ஸி" என்ற குறி விழும். யாராவது பார்த்துச் சரிசெய்யும்வரை திரையில் ஆங்கிலம்தான் வரும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஆகஸ்டில். ஒரு பதிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் பள்ளியின் கடைசி வகுப்பான மெட்ரிக் முடித்துப் போயிருப்பார்கள்.

கேப்டவுன் வாசி:
2016-ல் இங்கே பல்கலைக்கழகத்தில் டெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாடு நடந்தபோது போய்வந்தேன். அதிலிருந்து அவ்வப்போது தமிழாக்கம் செய்கிறேன். அண்ணன் சொல்லும் பராமரிப்புச் சிக்கல் உண்மை. அதைவிடப் பெரிய சிக்கல் இலக்கணம். கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஓர் இடக்குறி மட்டும் இருக்கும்; நிரல் ஓடும்போதுதான் அங்கே பெயர் வந்து உட்காரும். அதன் பின்னால் "ஐ" சேர்த்தால் "பாடம்ஐத் திறக்க முடியவில்லை" என்று திரையில் வரும். "பாடத்தை" என்று மாற்ற நிரலுக்குத் தெரியாது. அதனால் "பாடம் என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று வருமாறு எழுத வேண்டும்.

வரிசையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் "12 கோப்புகள்" முதலில், அவை இருக்கும் உறையின் (ஃபோல்டர்) பெயர் பிறகு. தமிழில் "பாடம் என்ற உறையில் 12 கோப்புகள்". இடக்குறிகளை வெறுமனே இடம் மாற்றினால், நிரல் எண்ணைப் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடப்போய் அப்படியே விழுந்துவிடலாம். எது முதலாவது, எது இரண்டாவது என்று எண் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். அனுப்பும் முன், மொழிபெயர்ப்புக் கோப்பை நிரலுக்கு ஏற்ற வடிவில் மாற்றும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையில் சோதனை வசதியைப் போட்டு ஓட்டினால் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபை இதைவிட நன்றாக எப்படிச் சொல்லித் தருவது?

சாட்ஸ்வொர்த்காரன்:
நல்ல பாடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடத்துக்காக அரைகுறையாக ஒன்றை அனுப்பினால், யாழ்ப்பாணத்திலோ விழுப்புரத்திலோ அதை உண்மையாகவே பயன்படுத்துகிறவர் தலையில்தான் விடியும்.

ஃபீனிக்ஸ் டீச்சர்:
போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். ஒரு பெண் பிள்ளை "வீட்டுப்பாடம்" என்று கோப்புக்குப் பெயர் வைத்தாள். கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் பார்த்தால் "ட்" மேல் இருக்க வேண்டிய புள்ளி தள்ளிப்போய் அந்தரத்தில் நிற்கிறது. "டீச்சர், புள்ளி விழுந்துடுச்சு" என்றாள். நான் எத்தனை முறை அதைக் கடந்து போயிருப்பேன்! எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை என்றீர்களே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பதால்தான் அவள் கண்ணில் பட்டது. தமிழ் தெரியாதவர் இந்தப் பிழையை எழுதவே முடியாது தம்பி.

சாட்ஸ்வொர்த்காரன்:
சரி அக்கா, இது எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பிழையை அவளே எழுதட்டும், நான் கூட உட்காருகிறேன். டெபியனுக்குப் பிழையறிக்கை அனுப்பும் ரிப்போர்ட்பக் கட்டளை, தொகுப்பின் (டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு தொகுப்பு) பதிப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். என்ன தட்டினாள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, இந்த மூன்றையும் அவள் வார்த்தையில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். தமிழாக்கத்தில் மட்டும் என் நிலை மாறவில்லை. ஒரே ஒரு சின்னத் தொகுப்பை எடுங்கள், டெபியன் 14 வரைக்கும் அதைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

கேப்டவுன் வாசி:
அந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன். டீச்சர், சனிக்கிழமை வரை அந்த லேப்டாப்பை யாரும் அப்டேட் செய்ய வேண்டாம். படம் எடுக்கும்போது எழுத்துருவின் பெயரும் திரையில் தெரியட்டும்.