முதலில் மனையா, சாக்கடையா? ஓசூரை வைத்து ஒரு சண்டை

ஏரிக்கரையான்:
ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. 2024-இல் விமான நிலைய அறிவிப்பும் வந்துவிட்டது. பாகலூர் ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், ராகிக்கொல்லையில் மனைக்கல் நட்டு, கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் லேஅவுட்டுக்கு வயது ஒன்பது. இன்னும் செப்டிக் டேங்க்தான். போர் 1,100 அடியில் காற்று வாங்குகிறது, மாசம் நாலு டேங்கர் தண்ணீர். பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் போகாத இடத்தில் மனைக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பென்னாகரம் பஸ்:
வந்துவிட்டேன். உங்களுக்கு வீடு அமைந்துவிட்டது, இனி கதவைச் சாத்திக்கொள்ளலாம், அப்படித்தானே? எங்கள் பக்கம் மழை பொய்த்தால் பெங்களூரில் கட்டட வேலைதான். அப்பா அப்படித்தான் போனார். நான் சிப்காட் வேலையால் வாரம் ஒருமுறையாவது ஊர் முகம் பார்க்கிறேன். அனுமதியை நிறுத்தினால் இருக்கிற மனை விலை ஏறும். என்னைப் போன்றவன் அப்ரூவல் இல்லாத மனையைத் தேடிப் போவான். நடக்காததையா சொல்கிறேன்? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய 2016-இல் உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. ஜனம் பணம் கட்டி வரிசையில் நின்றது.

ஏரிக்கரையான்:
அதையேதான் நானும் கேட்கிறேன். பணம் கட்டினால் பத்திரம் நேராகும், சாக்கடை வருமா? வீடெல்லாம் எழும்பிய பிறகு 20 அடித் தெருவைத் தோண்டிக் குழாய் பதிப்பது எவ்வளவு பெரிய வேலை!

தென்பெண்ணை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெங்களூர் வீடுகளை முதலில் கட்டியது, சாக்கடையைப் பிறகு யோசித்தது. 2017-இல் பெல்லந்தூர் ஏரியே தீப்பிடித்தது. அந்த ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணை ஆற்றில் இறங்குகிறது; ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை நாம் பார்க்காததா? அப்புறம் இந்தோனேசியாவின் ஜகார்த்தா. குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் எட்டாமல் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, வடக்குப் பகுதி தாழ்ந்துகொண்டே போகிறது. தலைநகரையே மாற்ற 2022-இல் சட்டம் போட்டார்கள்.

பென்னாகரம் பஸ்:
ஜகார்த்தா கடலோரச் சேற்று நிலம், ஓசூர் பாறை. அதை இங்கே இழுக்காதீர்கள். நுரை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

தென்பெண்ணை:
பாறைதான். அதனால்தான் 1,100 அடி போயும் தண்ணீர் இல்லை! சரி, பிரேசிலின் குரிடிபாவைப் பாருங்கள். 1974-இல் பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டார்கள், அந்தத் தடத்தை ஒட்டியே உயரமான கட்டடங்களை வரவிட்டார்கள். யாரையும் வராதே என்று சொல்லவில்லை, எங்கே வரலாம் என்று முன்னதாகவே சொன்னார்கள்.

பென்னாகரம் பஸ்:
இது வேறு பேச்சு, இதற்கு நானும் சரி. ஆனால் குழாய்க்கான காசை லேஅவுட் போட்டு லாபம் பார்ப்பவரிடம் வாங்குங்கள். கடைசியில் மனை வாங்குகிறவன் தலையில் கட்டாதீர்கள். ஏரிக்கரையான் அண்ணா, ஒன்று கேட்கிறேன். உங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு என்று இடம் விட்டிருப்பார்களே, அது இப்போது எப்படி இருக்கிறது?

ஏரிக்கரையான்:
கார் நிறுத்துகிறோம். என் காரும் அங்கேதான் நிற்கிறது.